கேள்வி கேட்டவர் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தபோது

தினமும் இரவு அமைச்சர்களை உலுக்கி எடுக்கும் ஒரு நெறியாளர், திடீரென்று ஒருநாள் கட்சித் துண்டோடு வந்து நின்றால் நம்மில் சிலர் கோபப்படுவோம். பலர், "இவரைப் போன்ற ஆள்தான் அரசியலுக்குத் தேவை, எல்லாத் திருட்டும் இவருக்குத் தெரியும்" என்று சந்தோஷப்படுவோம். எனக்குப் பயம் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான். காரணம், தொலைக்காட்சி நெறியாளராக இருந்து அதிபரான மௌரிசியோ ஃபூனெஸ்.

மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் என்ற சின்ன நாடு. 1980 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். எழுபத்தைந்தாயிரம் பேர் வரை செத்தார்கள். ஃபூனெஸின் சொந்தச் சகோதரரையே போலீஸ் கொன்றது. போர் முடிவதற்கு முன்பே, 1989-இல், ஆட்சிக்கு வந்த அரேனா என்ற வலதுசாரிக் கட்சி அதன்பின் இருபது வருடம் நாற்காலியை விடவில்லை. அந்தக் காலத்தில்தான் சேனல் 12-இல் ஃபூனெஸின் பேட்டி நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஆளும் கட்சிக்காரர்களை எதிரே உட்காரவைத்து, மழுப்பினால் விடாமல் கேட்பார். சி.என்.என். ஸ்பானியச் சேவைக்கும் அவர்தான் அங்கிருந்து செய்தியாளர். 2005-இல் சேனல் அவரை வெளியே அனுப்பியது. மக்களுக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கை அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

எதிர்க்கட்சியான எஃப்.எம்.எல்.என். பழைய கொரில்லா இயக்கம். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்சியானது. ஆனால் 2004-இல்கூடப் பழைய தளபதி ஒருவரைத்தான் அதிபர் தேர்தலில் நிறுத்தித் தோற்றது. துப்பாக்கியே தொடாத, எல்லா வீட்டு வரவேற்பறைக்கும் பழகிய முகம் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. ஃபூனெஸ் கிடைத்தார். கட்சிக்கு நிறம் சிவப்பு, அவர் மேடையேறியது வெள்ளைச் சட்டையில். 2009 மார்ச்சில் 51 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி அதிபரானார்.

தொடக்கத்தில் அவர் செய்ததில் சிலவற்றை இன்றும் மதிக்கிறேன். எல் மொசோடே என்ற மலைக்கிராமப் பகுதியில் 1981 டிசம்பரில் ராணுவம் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது. அதில் நிறையப் பேர் குழந்தைகள். முப்பது வருடம் கழித்து, 2012 ஜனவரியில், அதிபராக அந்த மண்ணிலேயே நின்று அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். பேசும்போது அழுதார். கொலைக்குத் தலைமை தாங்கிய அதிகாரியின் பெயரைச் சொல்லி, இவர்களையெல்லாம் வீரர்களாகக் கொண்டாடுவதை மறுபடி யோசியுங்கள் என்று ராணுவத்திடமே சொன்னார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை, ஷூ கொடுத்தார். அதைத் தைக்கும் வேலை உள்ளூர்ச் சிறு தொழிலாளர்களுக்குப் போனது. ஒரு பத்திரிகையாளரின் மனசாட்சி ஆட்சிக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அதே மனிதர்தான் 2011 ஜூன் 2-ஆம் தேதி ஆணை எண் 743-இல் கையெழுத்துப் போட்டார். அரசியல் சாசன அமர்வில் ஐந்து நீதிபதிகள். முன்பெல்லாம் நாலு பேர் ஒத்துக்கொண்டால் ஒரு சட்டத்தை ரத்து செய்யலாம். இனிமேல் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்றது இந்த ஆணை. எல்லாக் கட்சிகளையும் அந்த அமர்வு கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அன்றைக்கே அதிபரின் கையெழுத்தும் விழுந்துவிட்டது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஜூலை கடைசியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அவர் பேட்டி எடுக்கும் காலத்தில் வேறொரு அதிபர் இப்படிச் செய்திருந்தால், மறுநாள் அந்த நிகழ்ச்சியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து 2012 மார்ச். சிறையில் இருக்கும் ரவுடிக் கும்பல் தலைவர்களோடு அரசு பேரம் பேசியிருக்கிறது, அதனால்தான் கொலைகள் திடீரென்று குறைந்திருக்கின்றன என்று எல் ஃபாரோ என்ற இணைய இதழ் எழுதியது. அரசு மறுத்தது. பேரத்தின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. அன்று ஒரு நாளைக்குப் பதினாலு கொலை நடந்துகொண்டிருந்த நாட்டில் அது பாதியாகக் குறைந்தால் எத்தனை தாய்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆதாரத்தோடு எழுதிய செய்தியாளர்களை மறுத்தது, நேற்றுவரை செய்தியாளராக இருந்தவரின் அரசு. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம் பணம். யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ரகசிய நிதி ஒன்று அந்த நாட்டு அதிபர் அலுவலகத்தில் வெகுகாலமாக இருந்தது. அவருக்கு முந்தைய அதிபர் அந்தோனியோ சாகாவும் மைக்கிலிருந்து வந்தவர்தான், விளையாட்டு வர்ணனையாளர், வானொலி நிலைய முதலாளி. அரசுப் பணத்தைத் திசைதிருப்பியதை ஒப்புக்கொண்டு 2018-இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். ஃபூனெஸ் மேல் 35 கோடி டாலர் கையாடல் வழக்கு. வருமானத்துக்கு மேல் சொத்து சேர்த்தார், நாலு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டவேண்டும் என்று 2017-இல் சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அதற்கு முந்தைய வருடமே நிகரகுவாவில் தஞ்சம் புகுந்திருந்தார். எல்லாம் அரசியல் பழிவாங்கல் என்றார். கும்பல் பேர வழக்கில் 2023-இல் பதினாலு வருடம், வரி ஏய்ப்பில் ஆறு வருடம் என்று அவர் இல்லாமலே தண்டனை கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் நிகரகுவா தலைநகர் மனாகுவாவில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஆட்சிகளில் பழிவாங்கலே இருந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதில் சொல்ல அவர் ஊர் திரும்பவே இல்லை. 2024 தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஏமாந்த ஜனங்கள் 2019-இல் அதிபரான நயிப் புகேலேயிடம் போனார்கள், அங்கே இன்று யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாத நிலை.

கெட்டவரை நல்லவர் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று இதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எல் மொசோடேயில் அவர் அழுதது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. தொலைக்காட்சி நெறியாளரை யாரும் குறுக்கே கேட்பதில்லை. யாரைக் கூப்பிடுவது, எங்கே மடக்குவது, எப்போது "நேரம் முடிந்தது" என்று நிறுத்துவது, எல்லாம் அவர் கையில். இருபது வருடம் அப்படியே பழகிய மனிதரைக் கொண்டுபோய், எல்லோரும் அவரைக் கேள்வி கேட்கும் இடத்தில் உட்காரவைக்கிறோம். கேட்கத் தெரிந்தவருக்குப் பதில் சொல்லவும் தெரியும் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம்.

அதற்காக வரவே கூடாது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் மார்ட்டின் பெல் வந்தார். பி.பி.சி.யின் போர்முனைச் செய்தியாளர், 1992-இல் சராயெவோவில் கேமராவுக்கு முன்பே குண்டுச் சிதறல் பட்டு விழுந்தவர். காசு வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, அதை மறுத்துவந்த நீல் ஹாமில்டனை எதிர்த்து 1997-இல் டாட்டன் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் தங்கள் வேட்பாளர்களை விலக்கி வழிவிட்டன. பதினோராயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சில மாதத்தில், கார் பந்தய முதலாளியிடம் தொழிற்கட்சி நன்கொடை வாங்கிய விவகாரம் வெடித்தபோது, தனக்கு வழிவிட்ட அதே கட்சியின் பிரதமர் டோனி பிளேரை எழுந்து நின்று கேட்டார். ஒரு தவணைதான் என்று சொல்லியிருந்தார். 2001-இல் டாட்டனை விட்டு விலகினார். வேறு தொகுதியில் நின்று தோற்றார். ஆட்சி அதிகாரம் அவர் கைக்கு வரவே இல்லை, ஃபூனெஸோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. ஐ.பி.என். 7-இல் இருந்த அசுதோஷ் 2014-இல் டெல்லியில் நின்றார். குஜராத்தில் நெறியாளர் இசுதான் காத்வி 2022-இல் முதல்வர் வேட்பாளர். இருவரும் தோற்றார்கள். இனி இன்னும் பலர் வருவார்கள், வரட்டும். கட்சியோடு எப்போது பேச ஆரம்பித்தார், அப்போதும் திரையில் உட்கார்ந்து அந்தக் கட்சியைப் பற்றி விவாதம் நடத்திக்கொண்டிருந்தாரா என்பதைத் தேதியோடு சொல்லட்டும். சொத்துக் கணக்கை வேட்புமனு வரும்வரை காக்காமல் வேலையை விட்ட அன்றே வெளியிடட்டும். பிறகு அவருக்குப் பிடிக்காத ஒரு நெறியாளர் முன்னால் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். நேரம் முடிந்தது என்று சொல்லும் உரிமை அன்றைக்கு அவருக்கு இருக்கக்கூடாது. அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டுத்தான் என் ஓட்டைப் பற்றி யோசிப்பேன்.