பூக்காத வருஷத்திலும் அது குறிஞ்சிதான்

குறிஞ்சி பூத்தால் கொடைக்கானல் மலைப்பாதை முழுக்க வண்டிகள் நிற்கும். பூ உதிர்ந்ததும் அந்தச் சரிவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குப் பயமே அந்த இடைப்பட்ட வருஷங்கள்தான். மண் அள்ளுவது, கல் உடைப்பது, ஜேசிபி விட்டு மட்டம் செய்வது என எது நடந்தாலும் பூ இல்லாத காலத்தில் நடந்தால் கேட்க ஆளில்லை. குவாரிக்கு அனுமதி தர இடத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணுக்கு அங்கே இருப்பது வெறும் புதர். அறிக்கையிலும் புதர் என்றே ஏறும்.

நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை போட்டுச் செத்துப்போகும் செடி இது. 2018-ல் நாம் பார்த்த செடிகள் இன்று இல்லை. அவை உதிர்த்த விதையில் முளைத்த பிள்ளைகள்தான் இப்போது நிற்கின்றன. இந்தத் தலைமுறையை வழித்தெடுத்துவிட்டால் விதை போட அங்கே தாய்ச்செடி கிடையாது.

நம் மலையில் சுரங்கமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் எடுக்கும் தாதுவான பாக்சைட் தமிழ்நாட்டில் இருக்கும் மாவட்டங்களில் நீலகிரியும் திண்டுக்கல்லும் உண்டு. உயரமான மலைத் தலையில், காலங்காலமாகப் பெய்யும் மழையில் பாறை மக்கி மக்கித்தான் பாக்சைட் உருவாகிறது. குறிஞ்சிக்கும் அதே உயரம், அதே மழை. பாக்சைட்டுக்குக் குகை தோண்டுவதில்லை, மேல்மண்ணை உரித்துத்தான் எடுக்க வேண்டும். குறிஞ்சி விதை கிடப்பதும் அந்த மேல்மண்ணில்தான்! மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் பாக்சைட்டைப் பல வருஷம் வெட்டி எடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே நீலக்குறிஞ்சி மிஞ்சியிருப்பது அந்தச் சேர்வராயன் மலையில் மட்டும்தான் என்பது நெஞ்சை அறுக்கிறது.

‘குழியை மூடி மரம் நட்டுத் தருகிறோம்’ என்ற பேச்சை நான் நம்பத் தயாரில்லை. குறிஞ்சியை அழித்ததே மரம் நட்டதுதான். வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டதிலும் விவசாயம் பரவியதிலும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் குறிஞ்சி வளரும் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது வருஷத்தில் போய்விட்டது. 2024-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் ஏறிவிட்டது.

கொடைக்கானல் சரணாலயம் 2013-லேயே வந்துவிட்டதே என்பார்கள். சரி. ஆனால் சாலையோரத்தில், எஸ்டேட் வரப்பில், பட்டா நிலத்தில் நிற்கும் குறிஞ்சிக்கு யார் காவல்? கேரளத்தில் இந்தப் பூவுக்கென்றே 2006-ல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தார்கள். நமக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பூத்த இடங்களின் சர்வே எண்ணாவது அரசுப் பதிவில் இருக்க வேண்டும். மலைக் கிராமங்களில் குவாரிக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற அரசு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கோப்பு மேசைக்கு வரும்போது 2018-ல் எங்கே பூத்தது என்ற வரைபடமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்று எடுத்த படங்கள் உங்கள் போனில் கிடக்கும். பலவற்றில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். கொடைக்கானல் மேல்மலையோ, கோத்தகிரியோ, எந்த ஊர், எந்தச் சரிவு என்று கீழே எழுதுங்கள். தொகுத்து வனத்துறைக்கும் ஆட்சியருக்கும் மனுவாகக் கொடுப்போம்.