ஏத்தன் குலைக்கு வந்த வைராக்கியம்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ஒரு பஸ் பயணத்தில் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபை, ஆர்சி என்ற ரோமன் கத்தோலிக்கம், மலங்கரை, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைகளையும் பார்த்துவிடலாம். இத்தனை சபை இருந்தும், நம்மைப் பார்த்து நாமே சிரித்துக்கொள்ள மட்டும் ஒரு மேடை கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு வாலிபர் ஐக்கியத்துக்காக ஒரு சின்ன நாடகம் எழுதினேன். பாலன் இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து ஞானிகள் வருகிறார்கள். வாசலில் சபைக் கமிட்டிக்காரர் மறிக்கிறார். "எந்தச் சபை? சந்தா பாக்கி இல்லைன்னு சீட்டு இருக்கா?" பொன்னை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தூபவர்க்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறார், அது ஆர்சிக்காரர் வழக்கமாம்.

சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளே கமிட்டி கூடியது. பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராதே என்று முதலாம் சங்கீதத்தை எடுத்து என்மேல் வீசினார்கள். அதிகம் கொதித்த இரண்டு பேரும் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலைக்காக மோதிக்கொண்டவர்கள். வீம்புக்கு விலையை ஏற்றி ஏற்றி, குலை பல ஆயிரத்துக்குப் போனது. அன்றுமுதல் திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழங்கால் போடுவதில்லை. கேட்டால் பக்தி வைராக்கியம்!

நையாண்டி வேதத்துக்கு விரோதமென்றால் யோனா புத்தகத்தை என்ன செய்வது? தேவன் அழிக்கப்போவதாகச் சொன்ன நினிவே நகரம் தப்பித்ததே என்று எரிச்சல்படுகிறார் தீர்க்கதரிசி. தனக்கு நிழல் தந்த ஒரு ஆமணக்குச் செடி பட்டுப்போனதும் செத்தால் தேவலை என்கிறார். அந்த ஊரின் இலட்சத்து இருபதினாயிரம் பேரைவிட அவருக்கு நிழல் பெரிது. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று பரிசேயரைக் கேலி செய்தவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே சீக்குதான். சீரோ மலபார் கத்தோலிக்க சபையில், குருவானவர் சனங்களைப் பார்த்து நின்று பூசை வைப்பதா, பீடத்தைப் பார்த்தா என்ற சண்டையில், 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் எறணாகுளம் பசிலிக்கா பலிபீடத்திலேயே தள்ளுமுள்ளு நடந்தது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா என்ற இரண்டு சிரியன் சபைகளின் தகராறில் பிணத்தைப் புதைக்க வழியில்லாமல் போய், 2020-இல் கேரள அரசு தனிச் சட்டமே போட்டது. இதற்குமேல் நான் என்னத்தை மிகைப்படுத்த?

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். கிழிந்த பைபிளோடு கடைசி பெஞ்சில் உட்காரும் பாட்டி என் நாடகத்தில் வரமாட்டார். மைக் பிடிக்கிறவர்கள் வருவார்கள்.

இந்த வருஷ ஸ்கிரிப்டும் தயார். கமிட்டிக்காரர் வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை, எல்லாருக்கும் ஞானி வேஷமே வேண்டுமாம்.