‘இல்லை’ என்று வந்தால் உடனே நம்பிவிடலாமா?

மூலநிரலை எடுத்து, அதிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளைத் தாமே கட்டும், அதாவது பில்ட் செய்யும் எவருக்கும் அந்தக் காட்சி பழகியிருக்கும். கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று முதலில் பார்க்கும் கன்ஃபிகர் கட்டளையைக் கொடுத்ததும் ‘இது உண்டா, உண்டு, அது உண்டா, இல்லை’ என்று திரையில் வரிகள் ஓடத் தொடங்கும், நாம் டீ குடிக்க எழுந்து போய்விடுவோம். சென்ற மாதம் நானும் அப்படித்தான் போனேன். அதில் இரண்டு நாள் வேலை வீணாயிற்று.

அந்த வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐந்தாறு வரியில் எழுதப்பட்ட ஒரு சோதனை நிரல் இருக்கிறது. அது கம்பைல் ஆனால், அதாவது கம்பைலர் அதைப் பிழையின்றி இயந்திர மொழிக்கு மாற்றினால் ‘உண்டு’, ஆகாவிட்டால் ‘இல்லை’. 1991இல் வந்த ஆட்டோகான்ஃப் தொடங்கி, பின்னர் வந்த சீமேக், மெசான் வரை பில்ட் கருவிகள் எல்லாம் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. வழி நல்லதுதான், இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் வைத்து ஊகிப்பதைவிடக் கம்பைலரையே கேட்டுவிடுவது மேல். ஆனால் நிரல் எந்தக் காரணத்தால் தோற்றாலும் விடை ‘இல்லை’ என்றே பதிவாகிறது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போனவன், மண்வெட்டியின் காம்பு முறிந்துவிட்டது என்பதற்காக ‘ஆற்றில் தண்ணீரே இல்லை’ என்று எழுதிவைத்துவிட்டு வீடு திரும்புவதைப் போன்றது இது.

எனக்கு நேர்ந்ததும் காம்பு முறிந்த கதைதான். ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆலையில், கழிவுநீரின் அளவைக் குறித்துக்கொள்ளும் சிறு கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாகக் கொள்ளும் -வெர்ரர் என்ற கம்பைலர் கொடியை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பத்தை) ஒட்டுமொத்தத் திட்டத்துக்கும் போட்டுவிட்டார். தேதியைத் திருத்தினாலும் தாவாத நேரத்தைத் தரவல்ல கிளாக்_கெட்டைம் என்ற ஃபங்ஷன் உண்டா என்று பார்க்கும் சோதனை நிரலில், மதிப்பு கொடுத்தும் பயன்படுத்தாத மாறி ஒன்று இருந்தது. அந்த எச்சரிக்கை பிழையாயிற்று, பிழை ‘இல்லை’யாயிற்று, மென்பொருளும் சத்தமில்லாமல் சுவர்க் கடிகார நேரத்துக்கு, அதாவது சாதாரணத் தேதி-நேரக் கணக்குக்கு மாறிக்கொண்டது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கருவியின் கடிகாரம் பழைய தேதியில் எழுந்து, இணையம் கிடைத்ததும் ஒரே தாவாகத் தாவியதால், இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரம் அபத்தமான எண்ணாக வந்தது. காரணம் புரிந்து கொடியை நீக்கிய பிறகும் விடை மாறவில்லை. சீமேக் பழைய ‘இல்லை’யைத் தன் கேஷ் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு சோதனையை மறுபடி நடத்தவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள் ஆயிற்று.

எங்கள் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் 2024இல் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கும் கருவியில், திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வழிசெய்யும் பின்கதவு வைத்த விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். லேண்ட்லாக் என்னும் பாதுகாப்பு வசதி உண்டா என்று பார்க்கும் சீமேக் சோதனை நிரலுக்குள் ஒரே ஒரு முற்றுப்புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அது இருக்கும்வரை அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது; எனவே சீமேக் வழியாகக் கட்டினால் லேண்ட்லாக் எப்போதும் ‘இல்லை’. பின்கதவு வெளிப்பட்ட மறுநாள்தான் அந்தப் புள்ளி நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ஜிசிசி 14 என்னும் கம்பைலர் பதிப்பு, அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதைப் பிழையாக்கியது. ஃபங்ஷன்களை அறிவிக்கும் உரிய ஹெட்டர் கோப்பைச் சேர்க்காமல் எழுதப்பட்ட பழைய சோதனை நிரல்கள் அந்த மாற்றத்தில் வாய் பேசாமல் ‘இல்லை’ பக்கம் சாய்ந்தன.

கம்பைல் செய்வதோடு நிற்காமல், ஓட்டியும் பார்க்கும் சோதனைகளில் சிக்கல் வேறு வகை. கட்டுவது என் மடிக்கணினியில், ஓடுவது வேறு வகைச் செயலி உள்ள ஏஆர்எம் பலகையில். சோதனை நிரலை இங்கே ஓட்டிப் பார்க்க வழியில்லை. விடையை நீயே நிரப்பு என்று சீமேக் நின்றுவிடுகிறது, நாமும் அவசரத்தில் எதையோ நிரப்பிவிடுகிறோம். கம்பைல் நேரத்திலேயே தெரிந்துகொள்ளக்கூடிய எதற்கும் ஓட்டிப் பார்க்கும் சோதனையை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓர் எண் எத்தனை பைட் என்று அறிய அதை ஓட்டியா பார்க்க வேண்டும்?

இப்போது எங்கள் திட்டத்தில், வெறும் மெயின் மட்டும் உள்ள, எதுவும் செய்யாத நிரலை அதே கொடிகளோடும் நூலகங்களோடும் முதலில் கம்பைல் செய்கிறோம். அதுவே தோற்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். பாதுகாப்பையோ அளவீட்டையோ பாதிக்கும் வசதி ‘இல்லை’ என்று வந்தால், வேண்டாம் என்று கட்டுபவர் தம் கையால் எழுதித் தந்தாலொழிய பில்ட் நடக்காது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லை என்று அந்தத் தம்பியே வாதாடுகிறார், அதில் நியாயமும் உண்டு. இருந்தும், கன்ஃபிகர் ஓடும்போது அவரும் இப்போதெல்லாம் டீக்கடைக்குக் கிளம்புவதில்லை.