முகாம் முடிந்த பிறகுதான் வேலை

திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில் மாணவர் குழு ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு ரத்த அழுத்தம் பார்த்ததையே 'சுகாதாரச் சமத்துவம்' என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திருப்பூரில் புதன்கிழமை காலை கல்லூரிக்குள் முகாம் போட்டால் யார் வருவார்கள்? பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். பீஸ்ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தைப்பவருக்கு அரை நாள் நின்றால் அந்தக் கூலி போச்சு. ஞாயிறு காலையில், அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுத் தெருவிலேயே வைக்க வேண்டும். கூட்டத்தை அவசரமாகத் தள்ளினால் அளவும் கெடும். 5 நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருக்க, 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்கு அளவுக் கருவியின் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தையும் காட்டும். 140/90ஐத் தாண்டியவருக்குச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் போகமாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டுக்கே வரும். அதில் பெயர் ஏறும்வரை குழு கூடவே நிற்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளரிடம் பேச இந்தி தெரிந்தால் போதும் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். ஒடிசாக்காரரிடம் 2 வார இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு போன்ற காசநோய் அறிகுறிகள் பற்றி ஒடியாவில் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். காசநோய் மாத்திரை குறைந்தது 6 மாதம் என்பதால், இடையில் ஊருக்குப் போகிறவரிடம் நிக்ஷய் எண்ணை, அதாவது காசநோயாளிக்கான அரசுப் பதிவு எண்ணை, எழுதிக் கொடுங்கள். அங்கே சிகிச்சையைத் தொடர அதுதான் பிடிமானம்.