வேடிக்கை பார்த்த கூட்டத்தைத் திட்டுவதற்கு முன்

விபத்தோ அடிதடியோ வீடியோவாக வந்துவிட்டால் போதும், "இத்தனை பேர் நின்னு வேடிக்கை பாக்குறாங்களே, மனுசத்தன்மையே செத்துப்போச்சு" என்று கமென்ட் குவிகிறது. அதுவே வடசென்னையின் புளியந்தோப்பு, வியாசர்பாடி என்றால் "அந்த ஏரியாவே அப்படித்தான்" என்று கூடவே ஒரு வரி. இரண்டையும் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், லங்காஸ்டர் நகரங்களின் சிசிடிவி பதிவுகளில் இருந்த 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். பத்துக்கு ஒன்பது சண்டைகளில் சுற்றி நின்றவர்களில் ஒருவராவது தலையிட்டிருக்கிறார். மனிதர்கள் உதவத்தான் செய்கிறார்கள். யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

2005-ல் இங்கிலாந்தில் மார்க் லெவினும் சக ஆய்வாளர்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களை வரவழைத்து, முதலில் அந்த அணியைப் பற்றிப் பேசவைத்தார்கள். பிறகு அவர்கள் போகிற வழியில் ஓடிவந்த ஒருவர் தடுக்கி விழுந்து வலியில் துடிப்பதுபோல் நடித்தார். அவர் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் பலர் கண்டும் காணாமல் போனார்கள். அடுத்த முறை அணியை விட்டுவிட்டு, "கால்பந்து ரசிகர்" என்பதைப் பற்றிப் பேசவைத்தார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் அதே கை நீண்டது. சாதாரணச் சட்டைக்காரர்தான் இரண்டு முறையும் ஏமாந்தவர்.

இதை நான் வடசென்னை மின்ட் பக்கம் கண்ணால் பார்த்தேன். கன்டெய்னர் லாரி ஒன்று ஒதுக்கியதில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் சறுக்கி விழுந்தான். முழங்கை உரிந்து ரத்தம், ரோடெல்லாம் சாம்பார். முதலில் வண்டியை நிறுத்தியது வேறு கம்பெனி டி-ஷர்ட் போட்ட இன்னொரு டெலிவரி பையன். அவன் வந்ததும் முதல் வேலையாக ஆர்டர் கொடுத்தவருக்கு போன் போட்டு, "அண்ணா, பையன் விழுந்துட்டான், ரேட்டிங்ல கைவைக்காதீங்க" என்றான். அந்த வலியும் அந்தப் பயமும் அவனுக்குத்தானே தெரியும்!

இதே ரோட்டில் மணலி பக்கம் வேலைக்குப் போகும் பீகார் பையனை யாராவது அறைந்தால் எத்தனை பேர் "ஏன்ணே அடிக்கிறீங்க" என்று கேட்போம்? "வடக்கன்" என்று மனசுக்குள் சொல்லி முடித்த கணமே கால் நின்றுவிடுகிறது. வடசென்னைக்காரன் என்றாலே ரவுடி என்று முத்திரை வாங்கிய நாமே அதைச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடையாளம் உதவப் போகிறவனையும் கட்டிப்போடுகிறது. பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் எவனோ வம்பு செய்கிறான். கலரடித்த முடியோடு நம் ஏரியா பையன் எழுந்து தட்டிக் கேட்டால், முதல் சந்தேகம் அவன் மேலேயே விழும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும் "நீ எந்த ஏரியா? கேஸ் எதுவும் இருக்கா?" என்றுதான் விசாரணை ஆரம்பிக்கும். அவன் தயங்குவதைக் கல்நெஞ்சு என்பது அநியாயம்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. இந்த உரிமைகளை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ, உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் நண்பர்களே, உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்தப் போர்டு தமிழில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லாத இடங்களில் சேர்ந்து போய் மனு கொடுப்போம்.