சின்க்வே தெர்ரே: கடலோரமாகவே ஐந்து ஊரும் நடக்க முடியாது
"ஐந்து ஊரையும் கடலோரப் பாதையிலேயே நடந்து முடிக்கலாம், செருப்பே போதும்" என்று இத்தாலியின் சின்க்வே தெர்ரே கடற்கரை ஊர்களைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு. மனரோலா–கொர்னிலியா கடலோரப் பகுதி 2011 நிலச்சரிவுக்குப் பின் ஆண்டுக்கணக்காக மூடிக் கிடக்கிறது. நடப்பவர்கள் மனரோலாவிலிருந்து செங்குத்தான கற்படிகளில் மலைமேல் உள்ள வொலாஸ்த்ரா ஊருக்கு ஏறி, திராட்சைத் தோட்ட அடுக்குகளின் ஓரமாகப் போய்க் கொர்னிலியாவில் இறங்க வேண்டும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். தோட்ட அடுக்குகளில் நிழல் குறைவு, தண்ணீர் முக்கியம். ரியோமஜ்ஜோரே–மனரோலா 'காதல் பாதை' 2012-இல் மூடப்பட்டு 2024-இல்தான் திறந்தது. அதற்கு நேரம் குறித்து முன்பதிவு வேண்டும். மொன்தெரோசோ–வெர்னாட்சா பகுதியில் படிகள் சீரற்றவை, ஈரத்தில் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை அடைத்துவிடுவார்கள். நடக்கப் போகும் நாள் காலையே சின்க்வே தெர்ரே தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.