ஊசி குத்துகிறவள் எழுதுவது

வீட்டிலேயே செய்யும் எதிர்ப்புச் சக்தி சோதனைக் கிட்டை வாங்கச் சொல்கிற ஒரு ஆரோக்கிய ஆலோசகரின் சனிக்கிழமை லைவில் நடந்ததை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் வந்து குவிகிறது. அதனால் முழுக்கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் போட்ட கமெண்டை அந்த ஆரோக்கிய ஆலோசகர் மேலே பின் செய்து, "லேப்ல ஊசி குத்துறவங்கல்லாம் இம்யூனாலஜி பேச வந்துட்டாங்க" என்று சிரித்தார். (இம்யூனாலஜி என்றால் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய படிப்பு.) கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு, பார்த்தேன்.

சரி, ஊசி குத்துகிறவள்தான். குத்திய பிறகு அந்த ரத்தம் எந்த மெஷினுக்குப் போகிறது, மெஷின் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. ஒரு அம்மா, பையனுக்கு இரண்டு வயது, அடிக்கடி சளி பிடிக்கிறது என்றார். ஆலோசகர் வீட்டிலேயே செய்யும் அந்தக் கிட்டை வாங்கச் சொன்னார். கொஞ்சம் மலம், கொஞ்சம் எச்சில், விரலில் குத்தி அட்டையில் சில சொட்டு ரத்தம். கூரியரில் போட்டால் 'குடல் எதிர்ப்புச் சக்தி ஸ்கோர்' போனுக்கு வந்துவிடுமாம். அந்த ஸ்கோருக்கு மலத்திலும் எச்சிலிலும் அளப்பது ஐஜிஏ, குடல், வாய், மூக்கின் உட்பரப்பைக் காக்கும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்). இரண்டு வயதுக் குழந்தையின் ஐஜிஏ அளவை எதோடு ஒப்பிடுவீர்கள் என்று கேட்டேன். குழந்தைகளுக்கு ஐஜிஏ மெதுவாகத்தான் ஏறும், பெரியவர்கள் அளவைத் தொடப் பல வருஷம் ஆகும். நான்கு வயதுக்கு முன்னால் ஐஜிஏ குறைபாடு என்று டாக்டர்களே முடிவு கட்டமாட்டார்கள். ப்ளே ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

இதைக் கேட்டால் கிண்டல். கேள்விக்குப் பதில் மட்டும் இன்றுவரை இல்லை.

எந்தச் சாம்பிளை மெஷினில் வைத்தாலும் எண் வரும். எண் வருவது அதிசயமில்லை. அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் உடம்பு அதிகமாகத் தயாரிக்கும் ஆன்டிபாடி ஐஜிஏதான், தினமும் சில கிராம் குடலுக்குள் இறங்குகிறது. மறுக்கவில்லை. ஆனால் மலத்தில் இருக்கும் அளவு அன்றைக்கு மலம் தண்ணீராகப் போனதா கெட்டியாகப் போனதா என்பதற்கே மாறும். எச்சிலில் இருப்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஓடிவிட்டு வந்தால் ஒன்று, வாய் வறண்டிருந்தால் இன்னொன்று. இதை ஒரு நாள் ஒரு குப்பியில் பிடித்து, நூற்றுக்கு 43, உங்கள் குடல் பலவீனம், எங்கள் பொடியை வாங்குங்கள் என்றால்? எண் வந்தது, அர்த்தம் வரவில்லை. பொடி மட்டும் வந்துவிட்டது.

குடலின் எதிர்ப்பை உண்மையிலேயே அளக்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் வேலூரிலேயே நடந்தது. முன்பே போலியோ சொட்டு மருந்து போட்ட குழந்தைகளில் ஒரு பகுதிக்குப் போலியோ ஊசி போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் மறுபடி சொட்டு மருந்து கொடுத்து, அந்தச் சொட்டு மருந்திலிருக்கும் பலவீனமாக்கிய வைரஸ் மலத்தில் எத்தனை பேருக்கு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளிடம் குறைவாக வெளியேறியது. 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடல் ஒரு கிருமியைத் தடுக்கிறதா என்று அறிய நானூற்றுச் சொச்சம் குழந்தைகளை வைத்து இவ்வளவு பாடு. நம் ஆலோசகருக்கு ஒரு ஸ்பூன் மலம் போதும்.

அப்புறம் அந்த ரத்த அட்டை. அதில் பார்ப்பது உணவுக்கு எதிரான ஐஜிஜி, இன்னொரு வகை ஆன்டிபாடி. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி உருவாவது சாதாரணம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குப் பாலையும் முட்டையையும் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும்போது ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 ஏறத்தான் செய்யும். ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்கள் சங்கம் 2008லேயே உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது, கனடா ஒவ்வாமை நிபுணர்கள் உணவு ஐஜிஜி சோதனை பற்றி 2012இல் அதையே சொன்னார்கள். தினமும் தோசை தின்கிறவருக்கு அரிசியும் உளுந்தும் ரிப்போர்ட்டில் சிவப்பில் (ஆகாது என்று) வந்தால் அவர் தோசை தின்கிறார் என்றுதான் அர்த்தம். உண்மையான ஒவ்வாமைக்குப் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறு ஆன்டிபாடி. வேர்க்கடலைக்கு ஐஜிஜி பச்சை நிறத்தில் (சாப்பிடலாம் என்று) வந்ததென்று நம்பி, நிஜ ஒவ்வாமை உள்ள பிள்ளை கடலைமிட்டாய் தின்றால் யார் பொறுப்பு?

என் நாத்தனார் மகளுக்கு இதே கிட் எடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேல். எனக்குச் சொல்லவே இல்லை, நான் வெறும் லேப் ஆள்தானே. கோதுமை, பால், முட்டை, கடலை எல்லாம் சிவப்பு. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பிள்ளை இளைத்து, சோர்ந்து, கடைசியில் ஒரு டாக்டரிடம் போனபோது அவர் சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் கெடும் நோய்) இருக்குமோ என்று பார்க்க நினைத்தார். அந்தச் சோதனைக்குக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், நிறுத்தியிருந்தால் இல்லையென்று தவறாகக் காட்டலாம். வாரக்கணக்கில் மறுபடி சப்பாத்தி கொடுத்து, ரத்தம் எடுத்து, கூடவே மொத்த ஐஜிஏவும் பார்த்து (ஐஜிஏ குறைவாக இருந்தாலும் அந்தச் சோதனை ஏமாற்றும்), எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 8.2, அதாவது ரத்தசோகை. மாதவிடாயில் நிறைய ரத்தம் போவதை அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. சில நூறு ரூபாயில் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"வீட்டில் சாம்பிள் எடுப்பதே தப்பா?" என்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பிரிட்டனில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் கிட்டை அரசே தபாலில் அனுப்புகிறது. குடல் அழற்சிக்குக் கால்ப்ரொடெக்டின் (அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதம்) பார்ப்பதற்கும் வீட்டிலிருந்தே மலம் எடுத்து வரலாம். அவற்றில் கேள்வி தெளிவு, பதில் வந்தால் அடுத்து என்ன செய்வதென்பதும் தெளிவு.

"லேப் வருமானம் போய்விடும் என்று பயம்." ஆமாம், என் சம்பளத்தைப் பார்த்தால் நீங்களே அழுவீர்கள். எங்கள் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜிலும் பாதி தேவையில்லாததுதான், அதையும் இதே பக்கத்தில் எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"கிட் சொன்னதை நிறுத்தியதும் எனக்குச் சரியானதே!" பாலை நிறுத்தியதும் வயிறு சரியானால் பெரும்பாலும் லாக்டோஸ் (பாலிலுள்ள சர்க்கரை) சங்கதி. அது அதைச் செரிக்கும் என்சைம் குறைவு, ஆன்டிபாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரோட்டாவையும் பேக்கரியையும் விட்டால் யாருக்குத்தான் நன்றாக இருக்காது?

ஆனால் ஒரு கமெண்ட் உறுத்தியது. "டாக்டர் ரெண்டு நிமிஷம்கூடப் பேசறதில்ல, இவராவது கேக்கறாரே" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. வயிற்றுவலி என்று போகும் பெண்ணுக்கு "கேஸ்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு மாத்திரை எழுதி அனுப்புவதை நானே பார்க்கிறேன். ரத்தம் கொடுக்க நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவார்கள், ஏனென்றால் அன்றைக்கு முகத்தைப் பார்த்துப் பேசுகிற முதல் ஆள் நான்தான். அந்த ஏக்கத்தைத்தானே அவர் பெட்டியில் அடைத்து விற்கிறார்? எனக்கு எரிகிறது அங்கேதான். ஊசி குத்துகிறவள் என்று சொன்னதில் இல்லை. சரி, அதிலும் கொஞ்சம் எரிகிறது.

அந்த அம்மா இன்பாக்ஸில் வந்தார். நிமோனியா திரும்பத் திரும்ப வந்ததா, காதில் சீழ் நிற்காமல் வருகிறதா, எடை ஏறாமல் இருக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. இருந்தால் குழந்தைகள் டாக்டரே ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று ஆன்டிபாடிகளையும் பார்க்க எழுதுவார், வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிடுவார் என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை, ஆனாலும் பணம் திருப்பித் தரமுடியாது என்று பதில் வந்திருக்கிறது. நுகர்வோர் கோர்ட் விஷயம் தெரிந்த வக்கீல்கள் யாராவது இங்கே இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், அவரிடம் அனுப்பிவிடுகிறேன்.